பட்டின் கனத்தை வரைவது

"பட்டுப் புடவை கேட்டா, பேப்பரைச் சுத்தி விட்டிருக்கீங்களே!" ஃப்ரீலான்ஸா ஃபேஷன் படம் வரைய ஆரம்பிச்ச புதுசில், ஒரு கடைக்காரர் இப்படித் திருப்பி அனுப்பினார். காசும் வரலை. நிறமும் ஜரிகையும் சரியாத்தான் இருந்தது. அப்போ தப்பு எங்கே?

ரெனே க்ருவோவின் படங்களைப் பார்த்தப்போ புரிஞ்சது. 1909-ல் இத்தாலியின் ரிமினியில் பிறந்தவர். 'மிஸ் டியோர்' விளம்பரத்துக்கு முத்துமாலை போட்ட அன்னத்தை வரைந்தவர். சில தடித்த கோடுகள், மீதி வெறும் காகிதம். துணியின் கனத்தை அந்தக் கோடே சொல்லிவிடும்.

இப்போ முதலில் துணியை நாற்காலியில் போட்டுப் பார்ப்பேன். ஷிஃபான் சின்னச் சின்ன மடிப்பா வழியும். பட்டு விறைத்து நிற்கும்; மடிப்பு குறைவு, முனை கூர்மை.

அடுத்து பென்சிலில் உருவம். நிஜ மனிதர் ஏழரைத் தலை உயரம், ஃபேஷன் படத்தில் ஒன்பது. கூடுதல் உயரம் பெரும்பாலும் காலுக்குப் போகும். புடவையில் கால் தெரியாதே, கொசுவம்தான் நீளும். அதனால் எட்டோடு நிறுத்துவேன்.

கடைசியில் லைட் பாக்ஸ், இந்தியன் இங்க், ஒரே பிரஷ். ஆறு தாள் வீணானால் ஏழாவதில் தயங்காத கோடு விழும்.

அதே கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். "நாலு கோட்டுக்கு இவ்வளவா?" என்றார். வீணான ஆறு தாளையும் எடுத்துக் காட்டினேன்.