வளர்ப்பில் பிழையில்லை

இரத்தோட்டைப் பக்கம் சாதிக்காய் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். விதையிலிருந்து வந்த கன்று ஆணா பெண்ணா என்பது 6 முதல் 8 வருடம் காத்திருந்து, பூத்த பிறகே தெரியும். சில மரங்களில் இரண்டு வகைப் பூவும் வரும். ஆணாகவே பூத்துவந்த மரம் பின்னாளில் காய்ப்பதும் உண்டு. அதற்காக நட்டவரை யாரும் குறை சொல்வதில்லை.

பிள்ளை விஷயத்தில் மட்டும் பழி தாய்மேல் விழுகிறது. "பொம்பளப் புள்ள மாதிரி வளர்த்துட்டா" என்ற பேச்சைக் கேட்காத திருநங்கையின் அம்மா அபூர்வம். மரத்தை வைத்து மனிதரை விளக்க முடியாதுதான். ஆனால் அந்தப் பழிக்கு அறிவியலில் பதில் இருக்கிறது.

கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் ரைமருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது சுன்னத்துச் சிகிச்சையில் விபத்து நேர்ந்து ஆணுறுப்பு சிதைந்தது. உளவியலாளர் ஜோன் மணியின் யோசனைப்படி பெற்றோர் அவரைப் பெண்ணாக வளர்த்தார்கள். பெயர், உடுப்பு, ஹோர்மோன் எல்லாம் மாறின. பல வருடம் உண்மையை அவரிடம் சொல்லவேயில்லை. இருந்தும் ஒட்டவில்லை. உண்மை தெரிந்ததும், பதினான்கு வயதில் ஆணாக வாழத் தொடங்கினார். ரைமர் திருநம்பி அல்லர். ஆனால், வளர்த்துப் பாலை மாற்றலாம் என்ற நம்பிக்கை அவரிடம் தோற்றது.

வளர்ப்பு இல்லையென்றால் வேறென்ன? கருவில் பிறப்புறுப்பு பெரும்பாலும் முதல் 3 மாதங்களில் உருவாகிவிடும். மூளையின் பால் சார்ந்த வளர்ச்சி அதற்குப் பிந்தியது. காலம் வேறானதால் இரண்டும் வெவ்வேறு திசையில் போகலாம் என்கிறார் நெதர்லாந்தின் டிக் ஸ்வாப். அவருடைய குழு 1995இல், இறந்த 6 திருநங்கையரின் மூளையை ஆராய்ந்து, ஒரு சிறு பகுதி பெண்களின் அளவை ஒத்திருந்ததாக எழுதியது. 6 பேர் மிகக் குறைவு. அதோடு அவர்கள் ஹோர்மோன் எடுத்தவர்கள். இதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரமாட்டேன்.

இரட்டையர் ஆய்வு எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. 2012இல் பெல்ஜிய ஆய்வாளர் ஹெய்லன்ஸ் குழு வெளியிட்ட தொகுப்பில், ஒரே கருவிலிருந்து பிரிந்த 23 சோடிகளில் 9இல் இருவருமே திருநராக இருந்தார்கள். தனித்தனிக் கருவில் உருவான, ஒரே பாலைச் சேர்ந்த 21 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவுக்குப் பங்குண்டு, ஆனால் மற்ற 14 சோடிகளைப் பார்த்தால் அது மட்டுமே காரணமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் திருநராக இருப்பது மனநோய் அத்தியாயத்தில் இல்லை. இலங்கையில், 2016இன் சுற்றுநிருபப்படி, உளநல வைத்தியரின் மதிப்பீட்டோடு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அந்தத் தாளுக்காக இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறும் பிள்ளையோடு அம்மாவும் ஏற வேண்டும், தலை குனியாமல்.