காரின் கூரையில் ஒரு படகு

கல்லூரியில் படித்த நாட்களில் ஒருமுறை வரைபலகையைச் சைக்கிள் கேரியரில் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு ஆடிக் காற்றில் புறப்பட்டேன். தெருத் திருப்பத்தில் காற்று பலகைக்கு அடியில் புகுந்தது. பலகையும் சைக்கிளும் நானும் தனித்தனியே விழுந்தோம். கைக்கு இலேசான பலகைதான். ஆனால் அதன் பரப்பை நான் கணக்கில் கொள்ளவில்லை.

இதே கணக்கைக் கனடாவில் படகோட்டச் செல்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் போட வேண்டியிருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கான்குவின் என்ற பூங்கா இருக்கிறது. 1893இல் அமைக்கப்பட்ட இந்தக் காட்டில் ஏரிகள் ஏராளம். மக்கள் கனூ என்ற நீண்ட திறந்த படகையோ, மேற்புறம் மூடிய ஒடுங்கிய கயாக்கையோ காரின் மேல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கனூவைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். நீளம் சுமார் 5 மீட்டர், எடை 30 கிலோ என்று கொள்வோம்.

முதலில் எடை. பல சிறிய கார்களின் கூரை ஓட்டத்தின்போது தாங்கக்கூடியது 50 முதல் 75 கிலோ வரைதான். கேரியரின் எடையும் அதில் அடக்கம். ஒரு கனூவுக்கு இது போதும். உண்மையான எதிரி காற்று.

மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. அடர்த்தியில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்குங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 460 நியூட்டன் அழுத்தம் கிடைக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் இதில் கால் பங்குதான். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது 30 கி.மீ. எதிர்க்காற்றும் வீசினால் படகு உணர்வது 130 கி.மீ. வேகம், அழுத்தம் ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும்.

இந்த அழுத்தம் முழுவதும் படகை மேலே தூக்குவதில்லை. படகின் மூக்கில் 100 நியூட்டன் விசை மட்டும் மேல்நோக்கிச் செயல்படுவதாகக் கொள்வோம். கேரியரின் இரு குறுக்குச் சட்டங்களுக்கிடையே 0.8 மீட்டர் இடைவெளி. படகு அவற்றின் நடுவே சமமாக அமர்ந்திருக்கிறது. அப்படியானால் மூக்கு முன்சட்டத்துக்கு 2.1 மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்சட்டத்தை ஆதாரமாகக் கொண்ட நெம்புகோலாகப் படகைப் பாருங்கள். விசையின் திருப்புத்திறன் 100 × 2.9. இதைச் சமன் செய்ய முன்சட்டத்தில் 290 ÷ 0.8, அதாவது சுமார் 360 நியூட்டன் தேவை. மூக்கில் தோன்றிய விசை சட்டத்துக்கு வரும்போது மூன்றரை மடங்குக்கு மேலாகிவிட்டது! சட்டங்களை 1.2 மீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பழைய கார்களில் கூரையோரம் மழைநீர் ஓடும் விளிம்பு இருக்கும். 2014இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாசடரின் கேரியர் அந்த விளிம்பைத்தான் பற்றிக்கொள்ளும். இன்றைய பல கார்களில் அந்த விளிம்பு இல்லை. கதவுக்கு மேலுள்ள கூரை ஓரத்தில் கேரியரின் கால்களை மாட்டுகிறார்கள். ஆகவே சட்டங்களை நினைத்த அளவுக்கு விலக்கி வைக்க முடியாது.

வழி என்ன? படகின் மூக்கிலிருந்தே ஒரு கயிற்றைக் காரின் முன்புறத்துக்கு இறக்கிக் கட்டுவது. விசை எழும் இடத்திலேயே அது பிடிபட்டுவிடுகிறது. படகு காரைவிட நீளமாயிருந்தால் இக்கயிறு கீழே வரும்போது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். திடீரென்று பிரேக் போட்டால் படகு முன்னே வழுக்காமலும் அது காக்கும். கயிறு தளர்ந்தால் ஓட்டுபவர் கண்ணாடி வழியே உடனே பார்த்துவிடலாம். இந்தக் கயிற்றை வேண்டாத வேலை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்கள் பின்னால் வருகிற காரில் இருப்பவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை.

படகைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டை பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் நனைந்தால் நீளும். இழுத்துக் கட்டியது மழையில் தளர்ந்துபோகும்.

தட்டையான பட்டையில் இன்னொரு தொல்லை. வேகம் கூடியதும் அது காற்றில் அதிர்ந்து, காதைத் துளைக்கும்படி ரீங்காரமிடும். அனுபவசாலிகள் கட்டும்போதே பட்டையை ஒருமுறை முறுக்கிவிடுவார்கள். பட்டை இடத்துக்கு இடம் வேறு கோணத்தில் காற்றைச் சந்திப்பதால், முழு நீளமும் ஒருசேர அதிர முடியாது. ஒரு ரிப்பனை மேசை விசிறியின் முன் இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, முறுக்காமலும் முறுக்கியும் பாருங்கள்.