‘றைட்’ என்ற சொல்லுக்கு எத்தனை கருத்து?



ஊரில் பஸ் கொண்டக்டர் “றைட், றைட்” என்றால் பஸ் வெளிக்கிடும். கொப்பி திருத்தும் வாத்தியார் சரியான விடைக்கு ‘றைட்’ போடுவார். ஆகவே இந்தச் சொல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கனடாவில் இதே சொல் வீதியில் ஒரு கருத்திலும், அலுவலகத்தில் இன்னொரு கருத்திலும், அகதிக் கோரிக்கை விசாரணையில் வேறொரு கருத்திலும் வரும். தமிழில் இதற்கு நான்கு சொற்கள் வேண்டும்: வலது, உடனே, சரி, உரிமை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வலது

கென்னடி வீதியில் லோரன்ஸ் சந்தியில் இருந்து வடக்கே வந்து, எல்ஸ்மியரில் ‘றைட்’ எடுத்தால் மிட்லண்ட், பிரிம்லி பக்கம் போகலாம். இங்கே ‘றைட்’ என்பது வலப்பக்கம். இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடும். இங்கே வலப்பக்கமாக ஓடும். ஆகவே வீதியைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கோ. ஒன்ராறியோவில், தடை அறிவித்தல் இல்லாத சந்திகளில், சிவப்பு விளக்கு எரியும்போதும் வாகனத்தை முழுதாக நிறுத்திவிட்டு வலப்பக்கம் திருப்பலாம். உங்களுக்கு நடக்கும் விளக்கு விழுந்தாலும் திரும்பும் வாகனத்தைக் கவனித்தே கால் வையுங்கோ.

2. உடனே

‘றைட் நவ்’, ‘றைட் எவே’ என்றால் இப்பவே, உடனே. கவுண்டரில் இருப்பவர் “ஐ வில் பி றைட் பக்” என்று எழும்பிப் போனால், “இந்தா வாறன், நில்லுங்கோ” என்று கருத்து. அலுவல் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட வேண்டாம்.

3. சரி

இதில்தான் கூடுதல் கவனம் தேவை. ஆங்கிலத்தில் பேசுபவர்கள் ஒரு வசனத்தைச் சொல்லி, கடைசியில் “றைட்?” என்று சேர்ப்பார்கள். “நீங்கள் மார்ச் மாதம் வவுனியாவை விட்டு வெளிக்கிட்டீர்கள், றைட்?” இது சும்மா பேச்சல்ல, கேள்வி. பெரிய உத்தியோகத்தர் சொல்கிறாரே என்று மரியாதைக்கு “ஓம்” சொன்னால், அவர் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே பதிவாகும். மாதம் பிழை என்றால், “இல்லை, மே மாதம்” என்று பயப்படாமல் திருத்துங்கோ.

இன்னொரு சிக்கலும் உண்டு. “நீங்கள் பொலிசுக்குப் போகவில்லை, றைட்?” என்று கேட்டால் நாங்கள் “ஓம்” என்போம். எங்கள் மனதில் இருப்பது “ஓம், போகவில்லை”. அது ஆங்கிலத்தில் வெறும் ‘யெஸ்’ என்று போனால், “போனேன்” என்றும் விளங்கிக்கொள்ளலாம். கோரிக்கைப் படிவத்தில் “போகவில்லை” என்று எழுதியிருப்பீர்கள். இப்போது இரண்டுக்கும் முரண்பாடு. உண்மை பேசியவர் பொய்யர் போலத் தெரிவார். ஆகவே ‘ஓம்’, ‘இல்லை’ என்று நிறுத்தாமல், “நான் பொலிசுக்குப் போகவில்லை” என்று முழு வசனமாகச் சொல்லுங்கோ. தலையாட்டவும் வேண்டாம். விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படும். தலையாட்டல் அதில் விழாது.

4. உரிமை

கனடாவின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் 1982 இல் வந்தது. அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. உங்களைக் கைது செய்தாலோ தடுத்து வைத்தாலோ, தாமதமின்றிச் சட்டத்தரணியோடு பேச உங்களுக்கு ‘றைட்’ உண்டு என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணை நடக்கும் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவி பெறும் ‘றைட்’ உண்டு என்று 14ஆம் பிரிவு சொல்கிறது.

“நாங்கள் குடியுரிமை இல்லாத ஆட்கள், எங்களுக்கு என்ன உரிமை?” என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 அன்று, சிங் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு அகதிக் கோரிக்கைகளைப் பெரும்பாலும் கடதாசியிலேயே பார்த்து முடிவு செய்தார்கள். ஹர்பஜன் சிங் முதலானோர் இதை எதிர்த்து வழக்காடினார்கள். ஒருவர் சொல்வது உண்மையா என்பதே கேள்வியாக இருந்தால், அவரை நேரில் பேசவிட்டுக் கேட்காமல் மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீதிபதிகளில் மூவர், சாசனம் சொல்லும் ‘ஒவ்வொருவரும்’ என்பதில் கனடா மண்ணில் நிற்கும் எல்லோரும் அடங்குவர் என்றார்கள். ஏப்ரல் 4 இங்கே அகதிகள் உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது.

உங்கள் கோரிக்கை குடிவரவு, அகதிகள் சபைக்கு அனுப்பப்பட்டிருந்தால், விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாகத் தரும். அவருடைய தமிழ் உங்களுக்கோ, உங்களுடைய தமிழ் அவருக்கோ விளங்காவிட்டால், தொடக்கத்திலேயே சொல்லுங்கோ. முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லாமல் போகலாம். இது சண்டை பிடிப்பதல்ல, உங்கள் உரிமை.

இந்தச் சிறு வசனத்தைப் பாடமாக்கி வையுங்கோ: “ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட். ரமில் இன்ரப்பிரற்றர், பிளீஸ்.”

வாசித்து விளங்காத கடிதம் வந்தால் கையெழுத்து வைக்க முன் எங்களிடமோ உங்கள் சட்டத்தரணியிடமோ கொண்டு வாங்கோ. விளங்காத கேள்விக்கு “றைட்” என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ.