வெப்பச் சலனமும் மருந்து தெளிக்கும் வேளையும்

கோடைக்காலத்து மாலைவேளையில் இடியுடன் மழை பெய்யுங்கால், அதற்கு வெப்பச் சலனமே காரணம் என்று வானொலியில் அறிவிப்பதைக் குடியானவர்கள் பலரும் கேட்டிருப்பர். அச்சொல்லின் பொருளை அறிந்துகொள்வது, பயிருக்கு மருந்து தெளிக்கும் வேளையைத் தீர்மானிப்பதற்கும் பெரிதும் உதவும்.

அடுப்பில் ஏற்றிய உலையில் அடியிலுள்ள ஜலமே முதலில் உஷ்ணமடைகிறது. உஷ்ணமடைந்த ஜலம் விரிவடைகிறது. விரிவடைந்ததால் இலேசாகி மேலெழும்புகிறது. மேலேயுள்ள குளிர்ந்த, கனமான ஜலம் இறங்கி அதனிடத்தை அடைந்து, தானும் சூடேறி எழும்புகிறது. உலையில் இட்ட அரிசி சுழன்று வருவதில் இவ்வோட்டத்தைக் கண்ணாரக் காணலாம். இதுவே வெப்பச் சலனம்.

காற்றுக்கும் இதே விதிதான். 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1,165 கிராம்; 40 டிகிரியில் அது சுமார் 1,127 கிராம். இவ்வித்தியாசம் அற்பமாகத் தோன்றினும், நாள்தோறும் கடற்காற்றை இயக்குவது இதுவேயாகும்.

பகற்காலத்துச் சலனம்

சென்னையில் யானைக்கவுனி கடலுக்கு மேற்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரத்திலுள்ளது. ரயில் பாதைகளும் மச்சு வீடுகளும் நெருங்கிய அவ்விடம் சித்திரை, வைகாசி மாதங்களில் முற்பகலிலேயே காய்ந்துவிடுகிறது. கடலோ அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. சம எடையுள்ள ஜலமும் காய்ந்த மண்ணும் ஒரே அளவு உஷ்ணத்தை ஏற்குமாயின், மண் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் சூடேறும். அன்றியும், அலைகள் கடலின் மேற்பரப்பிலுள்ள சூட்டை ஆழத்தில் கலந்துவிடுகின்றன. ஆகவே நகரத்தின்மேல் சூடான காற்று எழும்ப, குளிர்ந்த கடற்காற்று இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடந்து உட்புகுகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று வலுத்த நாட்களில் அது தாமதித்து வரும்; சில நாட்களில் வராமலும் போகும். கடற்காற்று உள்நாட்டுச் சூடான காற்றை முட்டி உயர்த்துமிடத்தில், ஈரம் போதுமாயின், இடிமேகங்கள் திரளும்.

இரவில் சலனம் நிற்றல்

மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் உஷ்ணத்தை விட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்க, அதன்மேல் சற்றுச் சூடான காற்று மூடிபோல் அமைகிறது. கனமானது கீழும் இலேசானது மேலுமாக இருத்தலால் சலனம் நின்றுவிடும். புகையும் மேலே செல்லாது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், போகியன்று காலையில், எரித்த பொருள்களின் புகை பனியோடு கலந்து சென்னையை மூடியதால், விமானங்கள் இறங்கமாட்டாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

வயல்களில் விளைவது

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களின்மேலும் இத்தகைய மூடி அமைவதுண்டு. அப்போது மருந்து தெளித்தால், நுண்ணிய துளிகள் பயிரில் படியாமல் மிதந்து, மெல்ல நகரும் காற்றோடு நெடுந்தூரம் செல்லும். நெல்வயலில் களைக்கென்று தெளித்த 2,4-டி, அயலாருடைய தக்காளியையோ பருத்தியையோ சுருளச் செய்யும். தெளிப்பவரும் அதைச் சுவாசிக்க நேரிடும். காற்றே இல்லாத வேளையில் தெளித்தேன் என்று ஒருவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். தீங்கு விளைந்ததும் அக்காரணத்தாலேயே. அண்டை நிலத்தார் முறையீட்டை விசாரிக்கும் கிராம அதிகாரிகள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. தெளிக்குமுன் சிறிது ஈர வைக்கோலைப் புகையவிட்டுப் பார்க்கவும். புகை சிறிது எழும்பிப் படுக்கையாகப் பரவினால் வேலையைத் தொடங்கலாகாது.

2. பனி கலைந்து, சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்தபின், இலைகள் மெல்ல அசையும் வேளையே ஏற்றது.

3. உச்சி வெயிலிலும், கடற்காற்று பலமாக வீசும் பிற்பகலிலும் தெளித்தலைத் தவிர்க்கவும்.

4. விடியற்காலையில் தாளை எரித்தால் புகை ஊரிலேயே தங்கும். அதனை மடக்கி உழுதால் நிலத்திற்கு உரமாகும்.

காலம் பார்த்து விதைக்கும் குடியானவர், வேளை பார்த்து மருந்து தெளிப்பாராயின், செலவும் மிச்சமாகும். அண்டை அயலாரோடு சச்சரவும் நேராது.