அன்னவாசலும் இலுப்பூரும் ஒரே அட்டவணையில்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவாய்த் துறைக் கணக்கில் 12 வட்டங்கள். ஊரக வளர்ச்சித் துறைக்கு 13 ஒன்றியங்கள். பொது சுகாதாரத் துறை இதே நிலப்பரப்பை புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சட்டமன்றத் தொகுதிகள் ஆறு. மக்களவைக்குப் போனால், 2008 மறுவரையறைக்குப் பின் புதுக்கோட்டை என்றொரு தொகுதியே கிடையாது. அந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். அன்னவாசல் ஒன்றியத்து ஊர்கள் பலவற்றுக்கு வட்டம் இலுப்பூர்.

இந்த மாவட்டத்தில் போன ஆண்டு எந்தப் பகுதியில் பிரசவம் அதிகம் என்று யாராவது கேட்டால், “எந்தக் கணக்குப்படி?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தக் கணக்குப்படி கேட்டாலும் ஒன்றுக்கொன்று முரண்படாத விடை வர வேண்டும். அதற்காகக் கட்டப்படுவதுதான் டேட்டா வேர்ஹவுஸ், அதாவது தரவுக் கிடங்கு. அதைக் கட்டுகிறவரின் வேலை வெளியே அதிகம் தெரிவதில்லை. கூட்ட அரங்கின் திரையில் ஒளிரும் டேஷ்போர்டு மட்டும்தான் கண்ணில் படும்.

மருத்துவமனையின் கணினி அன்றாட வேலைக்கானது. ஒரு தாயின் விவரத்தை நொடியில் எடுத்துக் காட்டும், திருத்தும், சேமிக்கும். அதனிடமே ஐந்து ஆண்டுப் போக்கைக் கேட்டால் பதிவு மேசையில் வரிசை நின்றுவிடும். அதனால் பல துறைகளின் பதிவுகளைக் குறித்த நேரத்தில் நகலெடுத்து, பிழை நீக்கி, ஒரே அமைப்புக்கு மாற்றி, தனி இடத்தில் ஏற்றுகிறார்கள். எடுத்தல், மாற்றுதல், ஏற்றுதல் என்னும் இந்த மூன்றையும் சேர்த்து ஈ.டி.எல். என்பார்கள். இந்த எண்ணம் புதிதல்ல. ஐ.பி.எம். ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இலேயே ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்ற பெயரில் கட்டுரை எழுதினார். கிடங்கின் வடிவத்தை பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988இல் விவரித்தார்கள். பில் இன்மனின் நூல் 1992இலும் ரால்ஃப் கிம்பாலின் நூல் 1996இலும் வந்தன. இன்றைக்கும் இத்துறையினர் பலர் கைக்கொள்வது இன்மன், கிம்பால் இருவரின் வழிகளைத்தான்.

கிம்பால் வழியில் அடிப்படையான கேள்வி, அட்டவணையின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. கேட்க எளிது, பதில் சொல்வது கடினம். ஓர் எடுத்துக்காட்டு: புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் தமிழக அரசு மகப்பேறு நிதியுதவி தருகிறது. அதைப் பெறும் கர்ப்பிணிக்கு 12 இலக்கப் பதிவு எண் உண்டு. அப்படி ஒருவர் பதிவு செய்வது கணவர் ஊரான மணமேல்குடியில், ஏழாம் மாதம் போவது தாய்வீடான பொன்னமராவதிக்கு, குழந்தை பெறுவது புதுக்கோட்டை நகரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் ஊரையும் மட்டும் வைத்து எண்ணினால் அவர் இரண்டு மூன்று பெண்களாகிவிடுவார். பதிவு எண்ணை வைத்து எண்ணினால் ஒருவரே.

அதோடு சிக்கல் தீர்வதில்லை. அவருக்கு இரட்டைக் குழந்தை. குழந்தைகளின் அட்டவணையில் இரண்டு வரி, நிதியுதவி அட்டவணையில் தவணை ஒன்று. இரண்டையும் யோசிக்காமல் இணைத்தால் தவணை இரு வரியிலும் வந்து, கூட்டுத்தொகை இரு மடங்காகிவிடும். கணினி எந்தப் பிழையும் காட்டாது. இத்தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்: தப்பான தொகை அழகான வரைபடமாகக் கூட்டத்துக்குப் போய்விடும், அதை வைத்து ஒரு வட்டாரத்துக்கு நிதி குறைக்கப்படலாம். பிரசவம், குழந்தை, தவணை மூன்றுக்கும் தனித்தனி நிகழ்வு அட்டவணை வைத்து, ஒவ்வொன்றையும் தனியே கூட்டிய பிறகே சேர்க்க வேண்டும். பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை ஆய்வுக்குப் போகும் நகலிலிருந்து நீக்குவதும் கிடங்கைக் கட்டுகிறவரின் பொறுப்பே.

நிகழ்வு அட்டவணையைச் சுற்றி நாள், இடம், மருத்துவமனை என்று பரிமாண அட்டவணைகள் நிற்கும். படம் வரைந்தால் நட்சத்திரம்போல் இருப்பதால் அதற்கு ஸ்டார் ஸ்கீமா என்று பெயர். இவற்றில் இடம்தான் அதிகம் படுத்தும். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு வரி போட்டு, அதிலேயே வட்டம், ஒன்றியம், சுகாதார மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அத்தனை எழுத்துக்கூட்டலையும் ஒரே ஊர்க்குறியீட்டில் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் பாதியைக் கணினி செய்யும், மீதிக்கு ஊரைத் தெரிந்த ஆள் வேண்டும். சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து செய்பவரைவிட அறந்தாங்கிக்காரர் இதை நன்றாகச் செய்வார் என்பது என் உறுதியான எண்ணம்.

இடம் காலத்தோடு மாறவும் செய்யும். சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948இல் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14இல். தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அப்போது சேர்ந்தது. ஆகவே 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படியொரு மாவட்டமே இல்லை. 2011இல் இதன் மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் பழைய எண்ணை ஊர் ஊராகத் திரட்டித்தான் கூட்ட வேண்டும். 2024இல் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியானது, பக்கத்து ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. அதன்பின் நகரில் பிறப்புகள் உயர்ந்ததாகத் தெரிந்தால், எல்லை விரிந்ததால் கூடியது எவ்வளவு, உண்மையான உயர்வு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

இதற்குக் கிம்பால் சொன்ன வழி எளிமையானது. ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தால் பழைய வரியின் மேல் எழுதாதீர்கள். அந்த வரிக்கு முடிவுத் தேதி போடுங்கள், மறுநாளிலிருந்து தொடங்கும் புது வரியைச் சேருங்கள். 2023இன் பிரசவம் பழைய வரியோடும், 2025இன் பிரசவம் புது வரியோடும் இணையும். அன்றைய எல்லைப்படியும் கணக்குக் கேட்கலாம், இன்றைய எல்லைப்படியும் கேட்கலாம். இதற்கு ‘மெல்ல மாறும் பரிமாணம்’ என்று பெயர்.

தொழிலாகப் பழக விரும்புவோருக்குத் தேவை தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியும், போஸ்ட்கிரெஸ் போன்ற இலவசத் தரவுத்தள மென்பொருள் ஏற்றிய சாதாரண மடிக்கணினியும். மாவட்டத்தின் 2001, 2011 கணக்கெடுப்புகளின் ஊர்வாரி அட்டவணைகளை ஏற்றி, ஊர்ப்பெயரால் இணைத்துப் பாருங்கள். இணையாமல் நிற்கும் ஊர்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் நின்றது என்று எழுதுங்கள்: எழுத்துக்கூட்டலா, வட்டம் பிரிந்ததா, பேரூராட்சியில் சேர்ந்ததா. இடப் பரிமாணத்தை அந்தக் குறிப்புகளிலிருந்தே கட்டத் தொடங்கலாம்.