98-இல் என்ன நடக்கிறது?

2025 பிப்ரவரி 28, நாக்பூர். ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டியின் மூன்றாம் நாள். வரலாற்றில் முதல்முறையாக இறுதிக்கு வந்திருந்த கேரளம், விதர்பாவின் 379 ரன்னை எட்டிப்பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தது. களத்தில் கேப்டன் சச்சின் பேபி; இடுக்கி மாவட்டத்துக்காரர், வயது 36. 234 பந்துகளை நிதானமாக ஆடி 98 ரன் சேர்த்திருந்தார். அடுத்த பந்தை வீசியவர் இடக்கைச் சுழலர் பார்த் ரேகடே. சச்சின் பேபி மண்டியிட்டு ஸ்லாக் ஸ்வீப் ஆடினார். மேலே எழும்பிய பந்து டீப் மிட்விக்கெட்டில் நின்ற கருண் நாயரிடம் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் கேரளம் வெகுநேரம் தாங்கவில்லை; 342-க்கு எல்லாரும் அவுட். ஆட்டம் டிராவில் முடிந்தாலும், முதல் இன்னிங்ஸில் 37 ரன் முன்னிலை பெற்றிருந்த விதர்பா கோப்பையைக் கொண்டுபோனது. காலிறுதியில் 1 ரன், அரையிறுதியில் 2 ரன் என்று நூலிழை முன்னிலையில் கரையேறி வந்த அணிக்கு, அந்த ஒரு ஷாட் பெருஞ்சுமையாகிவிட்டது.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘நெர்வஸ் நைன்டீஸ்’, அதாவது தொண்ணூறுகளின் பதற்றம். பதினைந்து ஆண்டுக்கு மேல் முதல்தர கிரிக்கெட் ஆடியவருக்குக்கூடவா இரண்டு ரன்னில் பதற்றம் வரும்? அறிவியல் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. பதற்றம் வருகிறதா என்பது ஒன்று. விக்கெட்டை எடுப்பது அந்தப் பதற்றம்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதற்கு ஸ்கோர் புத்தகம் வேறு கதை சொல்கிறது.

உடம்புக்குத் தெரியாத வித்தியாசம்

மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மணந்தறிவது அதன் வேலை. எதிரே நிற்பது காட்டானையா, கைநழுவப்போகும் சதமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கிருந்து சமிக்ஞை கிளம்பினால் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்பிக்க இதெல்லாம் உதவும். மட்டை பிடிக்க உதவாது. கீழ்க்கை இறுகினால் மட்டையின் முகம் முன்கூட்டியே திரும்பிவிடும். தரையோடு போகவேண்டிய பந்து அந்தரத்தில் எழும்.

கொஞ்சம் பரபரப்பு நல்லது. அளவு மீறினால் திறமை சரியும். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1908-இலேயே எலிகளை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். வேலை எவ்வளவு நுணுக்கமானதோ அவ்வளவு சீக்கிரம் சரிவு தொடங்கும் என்பதும் அவர்கள் கண்டதுதான். பேட்டிங்கைவிட நுணுக்கமான வேலை விளையாட்டில் குறைவு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து அரை நொடிக்குள் மட்டையருகே வந்துவிடுகிறது. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லாய்ட் ஆகியோர் பேட்டர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேட்டரின் கண் பந்தை வழிநெடுகத் துரத்துவதில்லை. கையிலிருந்து பந்து கிளம்பிய கணத்தைப் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது. தேர்ந்தவரின் கண் சீக்கிரம் தாவுகிறது. இதில் எதையும் அவர் ‘யோசித்து’ செய்வதில்லை.

அனுபவமே எதிரியாகும் இடம்

அனுபவசாலிக்கு ஏன் இந்தத் தொல்லை என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. பயிற்சி என்பது, தெரிந்து செய்வதைத் தெரியாமலே செய்யும் அளவுக்குக் கொண்டுபோவது. முன்கால் எவ்வளவு நீளவேண்டும், முழங்கை எங்கே உயரவேண்டும் என்று எட்டு வயதுப் பையன் கணக்குப் போடுவான். முப்பத்தாறு வயதுக்காரர் போடமாட்டார். அது உடம்பிலேயே பதிந்துபோயிருக்கும். பதற்றம் செய்யும் கேடு, ‘இந்தப் பந்தை மட்டும் தவறவிடக்கூடாது’ என்று அந்தப் பழக்கத்தை மறுபடி மேற்பார்வையிட ஆளனுப்புவதுதான். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எடுத்து எங்கே வைக்கிறோம் என்று கவனித்துப் பார்த்தால் கால் இடறும், அப்படி.

பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து ராப் கிரே என்ற ஆய்வாளர் 2004-இல் இதைச் சோதித்தார். பந்து வரும்போது ஓர் ஒலி கேட்கும். அந்தக் கணத்தில் மட்டை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்லச் சொன்னார். தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டம் குலைந்தது. கேட்ட ஒலி உச்சமா தாழ்வா என்று மட்டும் சொல்லச் சொன்னபோது அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியவர்களிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது: அவர்களுக்குத் தங்கள் கையைக் கவனிப்பது பாதகமாகவில்லை, ஒலியைக் கவனிப்பதுதான் இடைஞ்சலானது. தன்னையே கவனித்துக்கொள்வதால் கெட்டுப்போகும் அளவுக்குத் திறமை இருக்கிறவருக்குத்தான் இந்த நோய் வரும்.

வேகப்பந்தில் யோசிக்கவே நேரமில்லை. சுழற்பந்தில் நொடியின் பத்தில் சில பங்குகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. மனம் குறுக்கிட அது போதும்.

எண் மனிதர் போட்டது

98-க்கும் 100-க்கும் அணியின் கணக்கில் இரண்டே ரன் வித்தியாசம். ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே அது பெரிய வித்தியாசம். பத்து விரல் உள்ள இனம் என்பதால் நாம் பத்துப் பத்தாக எண்ணப் பழகி, நூறுக்கு மாலை போட்டோம். பந்துக்கு அது தெரியாது. டெவின் போப், யூரி சைமன்சோன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க பேஸ்பாலில் பருவத்தை .299 சராசரியில் முடித்தவர்களைவிட .300-இல் முடித்தவர்கள் மிக அதிகம் என்று கண்டார்கள். வட்டமான எண்ணுக்கு ஒரு புள்ளி கீழே நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. பாலக்காடு கோட்டை மைதானத்தில் 1959-60 பருவத்தில் ஆந்திராவுக்கு எதிராக பாலன் பண்டிட் ஆட்டமிழக்காமல் 262 எடுத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ரஞ்சியில் கேரளத்துக்காரர் தாண்டவேண்டிய எண் அந்த 262 தான். 2007-08 பருவத்தில், அதே பாலக்காட்டில், சர்வீசஸ் அணிக்கு எதிராக ஸ்ரீகுமார் நாயர் அதைக் கடந்ததோடு நிற்காமல் 306 வரை போனார், அதுவும் ஆட்டமிழக்காமல். ஒரு மைல்கல்லைத் தாண்டியவர்க்கு அடுத்தது உடனே முளைத்துவிடுகிறது.

மைல்கல் நெருங்கும்போது ஆட்டத்தின் போக்கும் மாறுகிறது. ரொமேன் கோரியோ, லயனல் பேஜ் இருவரும் சர்வதேச ஆட்டங்களை ஆராய்ந்து 2015-இல் எழுதியது இது: அரைசதம், சதம் நெருங்கும்போது பேட்டர்கள் எச்சரிக்கையாக ஆடுகிறார்கள், தாண்டியதும் கட்டவிழ்கிறார்கள். அதாவது பதற்றத்தின் முதல் அடையாளம் அவுட் ஆவதல்ல, மெதுவாவது. சச்சின் டெண்டுல்கரின் நூறாவது சர்வதேச சதம் நினைவிருக்கலாம். 99-ஆவது 2011 மார்ச்சில் வந்தது. அடுத்ததற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஓவலில் 91, வான்கடேயில் 94. கடைசியில் 2012 மார்ச் 16 அன்று மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 147 பந்தில் 114 எடுத்தார். அன்று ஜெயித்தது வங்கதேசம்.

இந்த இழுபறியில் கேப்டனுக்கும் பங்கு உண்டு. 2004-இல் முல்தான் டெஸ்டில் டெண்டுல்கர் 194-இல் நின்றபோது ராகுல் திராவிட் இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இருபது ஆண்டு கழித்தும் நம்மவர்கள் அந்த ஆறு ரன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஸ்கோர் புத்தகத்தின் சாட்சி

இனி இரண்டாவது கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சராசரி 50 உள்ள ஒரு பேட்டரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பதற்றமே கிடையாது, எந்த ரன்னிலும் ஒரே மாதிரி ஆடுவார் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பத்து ரன் இடைவெளியிலும் அவர் அவுட் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம். 30-க்கும் 40-க்கும் நடுவிலும் அதேதான், 90-க்கும் 100-க்கும் நடுவிலும் அதேதான். பேய் பிசாசு எதுவும் இல்லாமலே ஐந்தாறு முறைக்கு ஒருமுறை தொண்ணூறில் விக்கெட் விழுந்தாக வேண்டும். 34-இல் அவுட் ஆனவரை மறுநாள் யாரும் நினைப்பதில்லை. 94-இல் அவுட் ஆனவரை மறப்பதில்லை.

டெண்டுல்கரின் டெஸ்ட் கணக்கோடு இதை ஒப்பிடலாம். 51 சதம், தொண்ணூறுகளில் 10 முறை அவுட். தொண்ணூறை எட்டிய 61 முறையில் 10, அதாவது 16.4 சதவீதம். அவருடைய சராசரி 53.78-ஐ வைத்துப் பார்த்தால், பதற்றமில்லாத மனிதருக்கு வரவேண்டிய விகிதம் 16.8 சதவீதம். கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. ஒருநாள் ஆட்டத்தில் 49 சதம், தொண்ணூறுகளில் 17 முறை அவுட். விகிதம் ஏறத்தாழ 25 சதவீதம், எதிர்பார்ப்பு 20. அங்கே தொண்ணூறு வருவது பல சமயம் அடித்தே ஆகவேண்டிய நேரத்தில் என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரு ஓரங்களிலும் ஆட்கள் உண்டு. டான் பிராட்மன் 29 டெஸ்ட் சதம் அடித்தார். தொண்ணூறுகளில் ஒருமுறைகூட அவுட் ஆனதில்லை. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஸ்லேட்டர் 14 சதம் அடித்தார், 9 முறை தொண்ணூறுகளில் விழுந்தார். அவர் சராசரிக்கு ஐந்து முறை நடந்திருந்தால் இயல்பு. ஸ்லேட்டருக்கு உண்மையிலேயே பதற்றம் இருந்திருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஆடும் விளையாட்டில் யாரோ ஒருவருக்குக் கணக்கு இப்படி ஒருபக்கம் சாய்வதும் இயல்பே.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 90 எடுத்தவர் கண் நிலைத்தவர். புதிதாக இறங்கியவரைவிட அவர் பத்திரமாக இருக்கவேண்டும். எல்லா பேட்டருக்கும் மிக ஆபத்தான எண் 90 அல்ல, 0. அப்படியிருந்தும் தொண்ணூறில் விகிதம் குறையாததற்குப் பதற்றம் ஒரு காரணமாக இருக்க இடமுண்டு. களைப்பும் 80 ஓவருக்குப் பின் வரும் புதுப்பந்தும்கூடக் காரணமாகலாம்.

எதிரணியும் சும்மா இருப்பதில்லை. 98-இல் ஒருவர் நின்றால் கேப்டன் ஒற்றை ரன்னை அடைக்க ஃபீல்டர்களை உள்ளே இழுப்பார், தூக்கி அடிக்கத் தூண்டி எல்லையில் ஒருவரை நிறுத்துவார். தொண்ணூறில் உள்ளவர் தன் மனத்தோடு மட்டும் ஆடவில்லை. மாற்றியமைக்கப்பட்ட களத்தோடும் ஆடுகிறார். எனவே நாக்பூரில் அந்த ஸ்லாக் ஸ்வீப்பை எது ஆடவைத்தது, சதமா, முன்னிலையா, களமா என்று டிவி முன் உட்கார்ந்து தீர்ப்பெழுத முடியாது.

முடிவை வைத்து மனத்தை அளக்கும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. வீரேந்திர சேவாக் 2003-இல் மெல்பர்னில் 195-இல் சிக்ஸருக்குப் போய் அவுட் ஆனார், பொறுப்பில்லாதவர் என்றோம். அடுத்த மார்ச்சில் முல்தானில் 295-இல் அதே துணிச்சலோடு சிக்ஸர் அடித்து முச்சதம் தொட்டார், மாவீரர் என்றோம். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கே.எல். ராகுல் 199-இல் வெளியேறினார். அதே இன்னிங்ஸில் கருண் நாயர் தன் முதல் டெஸ்ட் சதத்தை 303 வரை நீட்டினார். இருவரின் மனநிலையையும் அந்த எண்களிலிருந்து படித்துவிட முடியாது.

என்ன செய்யலாம்

பதற்றத்தை விரட்ட முடியாது. அதோடு ஆடப் பழகலாம். ஒவ்வொரு பந்துக்கும் முன் செய்யும் சிறு சடங்கு (கையுறையைச் சரிசெய்வது, கிரீஸில் மட்டையைத் தட்டுவது) கவனத்தைத் தன் கையிலிருந்து பந்துவீச்சாளரின் கைக்குத் திருப்புகிறது. மூச்சை நீளமாக வெளியே விடுவது இதயத்துடிப்பைத் தணிக்கிறது. வலைப்பயிற்சியிலேயே கொஞ்சம் நெருக்கடியை உண்டாக்கிப் பழகுவதும் பலன் தரும்: ‘நீ 96, நாலு ரன் வேணும், அவுட் ஆனா மைதானத்தை ரெண்டு சுற்று’ என்று சொல்லிப் பந்து போடலாம். மூணாறு எஸ்டேட் மைதானத்திலும் சித்தூர்ப் பக்கத்து வயல்வெளியிலும் டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகளுக்குக்கூட இதற்குச் செலவு கிடையாது.

எல்லையில் நின்று ‘பாத்து, பாத்து, இன்னும் ரெண்டுதான்’ என்று கத்துவதால் பேட்டரின் கவனம் போகக்கூடாத இடத்துக்குத்தான் போகும். எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், ஸ்கோர் புத்தகம் தரும் எண்ணைச் சொல்லலாம்: நல்ல பேட்டர் தொண்ணூறைத் தொட்டுவிட்டால், ஐந்துக்கு நாலு முறை சதம் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்.