திருநங்கையின் குரல் ஏன் அப்படி இருக்கிறது?



சித்திரை மாதம் நம்ம மாவட்டத்துக் கூவாகத்தில் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கே வரும் திருநங்கைகளைப் பார்த்து "நம்மளவிட அழகா கட்டியிருக்காங்களே" என்று சொல்லுவோம். அவங்க வாயைத் திறந்து பேசினால் மட்டும் பக்கத்தில் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

புடவை கட்டிக்கலாம், முடி வளர்த்துக்கலாம், குரலை என்ன செய்யறது? பல திருநங்கைகளின் கவலை இதுதான். டவுன் பஸ்ஸில் 2021 முதல் அவங்களுக்கும் நம்மைப் போலவே கட்டணம் இல்லை. ஆனால் "சின்னசேலம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அதற்குப் பயந்து பேசாமலே இருப்பவர்கள் உண்டு. போனில் "சொல்லுங்க சார்" என்று கேட்டுக் கேட்டு, போனையே எடுக்காதவர்களும் உண்டு. தன் குரல் தன் காதில் விழும்போதே "இது நான் இல்லையே" என்று மனசு கூசும். இது நடிப்பு இல்லீங்க. மருத்துவம் ஒத்துக்கொண்ட மனவேதனை.

நம் வீட்டுப் பையன்களுக்கு 13, 14 வயதில் குரல் உடையுது இல்லையா? ஆண் ஹார்மோன் சுரந்து, குரல்வளை பெருத்து, உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் வருவது அது. தடித்த நாண், பிறகு பெண் ஹார்மோன் எடுத்தாலும் மெலியாது. திருநம்பிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆண் ஹார்மோன் எடுத்தால் சில மாதங்களில் குரல் தடித்துவிடும்.

சிலர் தொண்டையை இறுக்கிக் கீச்சுக் குரலில் பேசிப் பார்ப்பார்கள். அப்படியே பேசினால் வலி வரும், குரல் கம்மிவிடும். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் கற்றுக்கொள்வதே நல்லது. சுருதியைக் கூட்டுவது மட்டும் பயிற்சி இல்லை. மூச்சை எப்படி விடுவது, ஏற்ற இறக்கமாக எப்படிப் பேசுவது, ஒலியை நெஞ்சில் அதிரவிடாமல் வாய்க்கு முன்பக்கம் எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லித் தருவார்கள். தினமும் கொஞ்ச நேரம், மாதக்கணக்கில் செய்யணும். அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் குரல் கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கும்.

எல்லாத் திருநங்கைகளும் குரலை மாற்ற நினைப்பதில்லை. 2008-ல் ரோஸ் விஜய் டிவியில் நிகழ்ச்சி நடத்தினார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். பேச்சையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் இவர்கள்.

நம் குழுவில் ஒரு திருநங்கை சேர்ந்தால் உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் கடன் கேட்கும்போது அவங்க பேசி முடிக்கும்வரை கேளுங்க. யாராவது அந்தக் குரலில் பேசிக்காட்டினால் ஊக்குநர் அங்கேயே நிறுத்தணும். "பார்க்க பொம்பள மாதிரியே இருக்கீங்க, குரல்தான்..." என்று இழுப்பதும் பாராட்டு இல்லை, சுடும். வயதுக்குத் தக்கபடி அக்கா, தங்கச்சி என்றே கூப்பிடுங்க. பேங்கிலிருந்து போன் வந்து, குரலைக் கேட்டு "இந்த அம்மா கணக்கு வேணும், நீங்க யாரு?" என்று மறுத்தால், குழுப் பிரதிநிதி அவங்களோடு நேரில் போய் "கணக்கு இவங்களுடையதுதான்" என்று சொல்லிவிட்டு வாங்க.